பழைய பியானோ வாங்கப் போய்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம் முடியும் நேரத்தில், செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சின்ன கீபோர்டில் வாசித்துப் பழகியவள். நிஜமான பியானோவில் பழகினால்தான் விரலுக்கு அழுத்தம் வரும், அடுத்த இசைத் தேர்வில் தேறலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். புதியது வாங்க எங்களுக்கு வழியில்லை. பாண்டிச்சேரியில் பழைய மரச்சாமான் விற்கும் கடையில் இரண்டு பியானோ இருப்பதாகக் கேள்விப்பட்டு, சுருதி சேர்க்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கணவருக்கு ஓசூரில் வேலை. அதனால் முடிவெல்லாம் என்னுடையதுதான்.

ஒன்று கறுப்பு, கண்ணாடி போல் மின்னியது. இன்னொன்று பழுப்பு, மேலெல்லாம் கீறல். எனக்குக் கறுப்புதான் பிடித்தது. அவர் இரண்டின் முன்பலகையையும் கழற்றி, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேட்டார். தந்திகளை இழுத்துப் பிடிக்கும் ஆணிகளில் சாவி போட்டுத் திருகினார். கறுப்பில் ஆணிகள் பிடிப்பே இல்லாமல் சுழன்றன.

"பளபளப்பப் பாக்காதீங்கம்மா. ஆணி புடிக்கலன்னா ஒரு மாசம்கூட சுருதி நிக்காது. பழுப்ப எடுத்துக்குங்க."

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். "எடையெல்லாம் பின்பக்கம் இருக்குது. பழக்கமான ஆளுங்கதான் தூக்கணும். அதுல மிச்சம் புடிக்காதீங்க." அப்படிப்பட்ட ஆட்களின் போன் நம்பரையும் கொடுத்தார்.

அவர்கள் கேட்ட கூலி எனக்கு அதிகமாகத் தெரிந்தது. கடைக்காரரே பழுப்பைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிவிட்டார். இறக்குவதற்கு, எங்கள் ஊர் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் நான்கு பேரைப் பேசிவைத்தேன். அறுவடைக் காலம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக வந்தார்கள்.

அவர்களில் மூத்தவர் சிங்கவரத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். வண்டியில் நின்றதைத் தட்டிப் பார்த்து, "உள்ள இன்னாம்மா இருக்குது?" என்று கேட்டார்.

"மரப் பொட்டிதாண்ணா. உள்ள கொஞ்சம் கம்பி இருக்குது."

எடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் கூலியை ஏற்றிவிடுவார்கள் என்று மறைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு மூன்று படி, ஒவ்வொன்றும் நல்ல உயரம். இரண்டாவது படியில் பியானோ பின்னால் சாய்ந்தது. மேலே நின்ற இருவர் கையிலிருந்தும் கயிறு உருவிக்கொண்டு போனது. பக்கத்தில் பிடித்திருந்தவர் விலகிவிட்டார். கீழே பின்பக்கம் தாங்கியிருந்த சிங்கவரத்துக்காரரால் விலக முடியவில்லை. அது சரிந்து இறங்கி அவருடைய வலது பாதத்தின் மேல் நின்றது. உள்ளே தந்திகள் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.

அந்தச் சத்தம் கேட்டதும் நான் சொன்னது இதுதான்: "ஐயோ, பியானோ போச்சே."

மற்ற மூவரும் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கடப்பாரை கொடுத்து நெம்பி அவர் காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் நானும் போனேன். என் சேலையெல்லாம் ரத்தம். அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தார்.

பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். நான் வாங்கிப் போன பழங்களை அவருடைய மனைவி பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். நான்காம் நாள் சிங்கவரத்துக்காரரே பேசினார்.

"இன்னாம்மா, அந்தப் பொட்டி ஒடைஞ்சிடுச்சா?"

குத்திக் காட்டினாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. "இல்லண்ணா, நல்லாத்தான் இருக்குது" என்றேன். உள்ளே கம்பி மட்டும் இல்லை, எடை எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

இப்போது அவர் அதே மண்டியில் உட்கார்ந்து மூட்டைகளுக்கு வாய் தைக்கிறார். பாதிக் கூலிதான். என் மகள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பியானோவின் சுருதி கொஞ்சமும் இறங்கவில்லை. கேட்பவர்கள் எல்லாரும் நல்ல பியானோவாகப் பார்த்து எடுத்தீர்கள் என்கிறார்கள்.

என்னை நல்ல மனுஷி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு மனிதரின் கால் நசுங்கும்போது என் வாயில் முதலில் வந்தது என்ன என்று தெரிந்த பிறகு, யார் என்னை அப்படிச் சொன்னாலும் தலை குனிந்துகொள்கிறேன்.