பூச்சி இல்லை, மீன்

ஐம்பதுகளில் பெங்களூரில் நான் விலங்கியல் படிக்க அப்பா விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் மீன், மாமிசம் எதுவும் வரக்கூடாது. வந்தால் மறுநாளே கணக்குப் பிரிவுக்கு மாற்றிவிடுவார். நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம்.

அந்த வருடம் கல்லூரியில் ராமேஸ்வரத்துக்குக் கல்விச் சுற்றுலா போனார்கள். வீட்டில் என்னை அனுப்பவில்லை. ஆஸ்டின் டவுன் தோழி ஒருத்தி எனக்காகக் காய்ந்த கடல்குதிரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் கையில் வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நிபந்தனையாவது ஒன்றாவது! கைக்குட்டையில் சுற்றி, ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு வரை ஓட்டமும் நடையுமாக வந்து, கூடத்தில் பிரித்துவிட்டேன்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குதிரை மூஞ்சி, சுருண்ட வால், உடம்பெல்லாம் எலும்பு வளையம்.

"ஏதோ பூச்சி. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் பூச்சி என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பூச்சியா? நல்லா பாருங்கப்பா! முதுகுல துடுப்பு இருக்கு, உள்ளே முதுகெலும்பு இருக்கு, செவுளாலதான் மூச்சு விடும். இது அசல் மீன்!"

"அப்போ நாளையிலேர்ந்து கணக்கு."

அழுகை வந்தது, பேச்சுதான் நிற்கவில்லை. இதற்குச் சொந்தம் குழல்மீன், அது குச்சி மாதிரி நேராக இருக்கும், அந்த மாதிரி மூதாதை ஒன்றிலிருந்துதான் இது நிமிர்ந்து வந்தது என்றேன். சில குழல்மீன்களில் ஆணின் வயிற்றில் முட்டைகள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், சிலவற்றில் தோல் மடிந்து மூடும், கடல்குதிரைக்கோ முழுப் பையே உண்டு என்று மூச்சுவிடாமல் கொட்டினேன்.

நிறைமாத வயிற்றோடு சமையலறையிலிருந்து வந்த அம்மா, "இருடி. யார் வயித்துல பை?" என்றாள்.

"ஆம்பளை வயித்துலம்மா! முட்டையை அதுல போட்டுட்டுப் பொம்பளை போயிடும். சுமக்கறது, பெத்துப்போடறது எல்லாம் அப்பன்தான். இதுகூட ஆம்பளைதான், இதோ பை."

அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"ஏங்க, எனக்கு இது ஆறாவது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முதுகு வலிக்குதான்னு கேட்டிருக்கீங்களா?"

அம்மா கடல்குதிரையை அவர் மேசைமேல் வைத்தாள்.

"மீனோ என்னமோ, இது இங்கதான் இருக்கும். அவ இதையே படிக்கட்டும்."