முசியே படகுத் தண்ணித் தொட்டி

விசைப்படகுல குடிதண்ணித் தொட்டி கழுவுற தொழில்ல, தண்ணி நல்லா இருந்தா யாரும் நம்மள நெனைக்க மாட்டாங்க. கெட்டுப்போச்சுன்னா மட்டும் வீடு தேடி வருவாங்க. சொந்த வீட்டு மாடி டேங்குக்குள்ள ஒரு தடவையாவது எறங்கிப் பாசி சொரண்டினவங்க இருந்தா, கிட்ட வந்து ஒக்காருங்க. நீங்க நம்ம ஆளு.

பாதி உள்ள, பாதி வெளிய

தொட்டி படகோட மேல்தட்டுக்குக் கீழ இருக்கும். உள்ள போற வாய் ஒரு அண்டா மூடி அளவுதான். தலையும் ஒரு கையும் முதல்ல, அப்புறம் மூச்சைப் புடிச்சிக்கிட்டுத் தோளு. கல்யாணமான புதுசுல சுளுவா எறங்கினேன். இப்ப தொப்பை வந்து குறுக்க நிக்குது.

மீன்பிடித் தடைக்காலம் முடியிற வாரம், அத்தனை படகும் ஒண்ணாக் கூப்பிடும். ரெண்டு மாசம் சும்மா கெடந்த தொட்டிய இன்னிக்கே கழுவணும்பாங்க. இந்த வருஷம் அப்படி ஒரு படகுல இடுப்போட மாட்டிக்கிட்டேன். அந்தப் படகு டிரைவர் ஏழுமலை. கடல்ல அவர் சொன்னதுதான் சட்டம். குனிஞ்சு என்னப் பாத்தாரு, இழுத்துவிட்டாரா? ம்ஹூம். "இருப்பா, படகுப் பூசைக்குப் பூசணிக்கா வாங்க ஆள் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் அவசரமில்ல."

ஆஸ்பத்திரி நாத்தம்

ஒரு வழியா கழுவி, புதுத் தண்ணி ரொப்பி, குளோரினும் அளவாப் போட்டேன். ஏழுமலை ஒரு வாய் குடிச்சிட்டு அப்படியே துப்பினாரு. ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குதாம். மூடியக் கொஞ்சம் தெறந்து வெச்சா போயிடும்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். கேக்கல, ஓனர்கிட்ட பஞ்சாயத்துக்குப் போயிட்டாரு.

ஓனர் முத்தியால்பேட்டைக்காரர், பிரெஞ்சு பென்ஷன் வாங்குறவரு. அதனால துறைமுகத்துல எல்லாருக்கும் அவர் முசியேதான், பிரெஞ்சுல ஐயான்னு அர்த்தம். கையில இருந்த மினரல் வாட்டர் பாட்டில்ல ஒரு மடக்கு குடிச்சிட்டுத் தீர்ப்பு சொன்னாரு: "பியேன், பியேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நானா குடிக்கப் போறேன்?"

மூணாம் நாளே கரையில

ஒரு வாரம் கழிச்சு வரவேண்டிய படகு மூணாம் நாளே திரும்பிடுச்சு. ஆளுங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு எறங்குறாங்க. தண்ணி புளிச்ச வாடை அடிக்குதாம். சேதி துறைமுகம் பூரா பரவி, அடுத்து என்னக் கூப்பிட்டிருந்த படகுக்காரங்க ஒவ்வொருத்தரா போன் பண்ணி வேணாம்னுட்டாங்க.

துறைமுகம் கைவிட்டா, கருவடிக்குப்பத்துல மச்சான் வெச்சிருக்கிற பஞ்சர் கடையிலதான் போய் நிக்கணும். தெனம் மச்சான் வாயில விழுறதுக்குத் தொட்டிக்குள்ளயே குடியிருந்துடலாம். ஏழுமலை வெளுத்துப்போன மூஞ்சியோட என் பக்கத்துல வந்து, சண்டைக்குக்கூட தெம்பில்லாம சொன்னாரு: "தொட்டியக் கழுவச் சொன்னா எங்களக் கழுவிட்டியேப்பா."

ரோஜா இதழ்

மறுபடியும் எறங்கினேன். தண்ணி மேல வெள்ளையா திரி திரியா மெதக்குது. கூடவே ரோஜா இதழ். மேல ஏறி வந்து, எவன்டா இதப் போட்டதுன்னு கத்தினேன். கோவம்னா அப்படி ஒரு கோவம்.

முசியே சம்சாரம் சிரிச்ச மொகமா முன்னாடி வந்தாங்க. பூசை அன்னிக்கு எஞ்சினுக்குக் குங்குமம் வெச்சாங்களாம், வலைக்கு எலுமிச்சம்பழம் கட்டினாங்களாம். தொட்டிய மட்டும் யாரும் கண்டுக்கல. அவங்களுக்கு மனசு கேக்கல. புதுவீட்டுல பால் காய்ச்சுற மாதிரி நெனச்சு, நாலு பாக்கெட் பால உள்ள ஊத்தி, பூப்போட்டு மூடிட்டாங்க. அந்தப் பாலு நான் போட்ட மருந்தையும் முழுங்கிட்டு, வெயில்ல புளிச்சு நாறியிருக்கு. ஏழுமலை தலையக் குனிஞ்சிக்கிட்டாரு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துது. அந்தம்மா மட்டும் மொகம் வாடிப்போயி மெதுவாக் கேட்டாங்க: "காய்ச்சி ஊத்தியிருக்கணுமா தம்பி?"

பூட்டு

திரும்பக் கழுவினேன். வேணாம்னவங்களும் திரும்பக் கூப்பிட்டாங்க. முசியே படகுத் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவிய ஏழுமலைகிட்ட கொடுத்து, யாரு கேட்டாலும் தராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

படகு கெளம்புற அன்னிக்குப் போய்ப் பாத்தா, மூடி தெறந்து கெடக்கு. பக்கத்துல முசியே சம்சாரம், கையில தூக்குவாளி. ஏழுமலை வானத்தப் பாக்குறாரு. பாவம், ஓனரம்மா கேட்டா யாரு மாட்டேன்னு சொல்றது? ஓடிப்போய் மூடி மேலயே ஒக்காந்துட்டேன். அந்தம்மா என் தோளத் தட்டிச் சொன்னாங்க: "பயப்படாத தம்பி, பால் இல்ல. வயித்துக்கு நல்லதாச்சேன்னு இளநி கொண்டாந்தேன்."

பாசியச் சொரண்டித் தள்ளிடலாங்க, பாசத்தோட தூக்குவாளி எடுத்துக்கிட்டு வர்றவங்களத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியாம, படகு கெளம்புற வரைக்கும் மூடி மேலயே ஒக்காந்திருக்கேன்.