பிள்ளையாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு வயிறு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஏழாவது படித்தபோது, தோப்புக்கரணத்தில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. நூறு போட்டாலும் மூச்சு வாங்காது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் கொடுத்த பயிற்சி அப்படி. ஆனால் தரையில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி உடம்பை முன்னால் இழுக்கச் சொன்னால் இரண்டு சாண் தாண்ட மாட்டேன். கை வரும், தலை வரும், வயிறு மட்டும் யோசித்துவிட்டுத்தான் வரும்.

இந்த வித்தை தேவைப்பட்டது கிரிவலப் பாதையில் இருக்கும் இடுக்குப் பிள்ளையாரால். பின்பக்கம் நுழைந்து, மூன்று குறுகலான வாசல்களில் உடம்பைத் திருகித் திருகி முன்பக்கமாக வெளியே வர வேண்டும். உடம்பு வலி போகும், பிள்ளை வரம் கிடைக்கும் என்று வரிசை நிற்கும். முந்தின வருஷம் நான் நடு வாசலில் சிக்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நுழைந்திருந்த சித்தி பின்வாங்கி வெளியேறிய பிறகுதான் அப்பா என் காலைப் பிடித்து இழுக்க முடிந்தது. முதலில் டவுசர் வந்தது, அப்புறம் நான். வரிசையில் நின்றவர்கள் வேண்டுதலை மறந்து சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "பாதில திரும்பிட்டா அன்னிக்கு மறுபடி நுழையக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

சித்தி கீழ்பென்னாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது; வீட்டில் அவரும் சித்தப்பாவும் மட்டும்தான். அடுத்த முழுப்பரீட்சை லீவுக்கு அவரே வந்து என்னை அழைத்துப் போனார். மறுநாளே, கட்டிலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வா என்றார். நான் தோப்புக்கரணம் போட்டுக் காட்டினேன்.

"அது வரும்னுதான் ஊருக்கே தெரியுமே. வராதத செய்டா."

முதல் நாள் தலையோடு நின்றேன். மூன்றாம் நாள் கட்டிலும் என்னோடு நகர்ந்தது. வயலிலிருந்து வந்த சித்தப்பா குனிந்து பார்த்து, "என்னடி, புள்ளய கட்டிலுக்கு முட்டுக் குடுத்து வெச்சிருக்க?" என்றார். சித்தி மல்லாட்டை மூட்டைகளைத் தள்ளி வைத்து வழியை இன்னும் குறுக்கினார். நான் அதிலிருந்தே கடலையை உரித்துத் தின்றபடி ஊர்ந்தேன். இட்லி ஆறிலிருந்து நாலாகக் கம்மியானது. நிஜமான கஷ்டம் அதுதான். மூச்சைப் பிடித்தால் வயிறு அடைக்கும், முழுக்க விட்டுவிட்டு இழுத்தால் நகரும் என்று பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் முழங்கையில் தோல் போயிருந்தது.

லீவு முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கிரிவலம் போனோம். பிள்ளையார் முன் வந்ததும் நான் சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"நீ முன்னாடி போயேன் சித்தி. நான் மாட்டிக்கினாலும் உனக்கு ஒண்ணும் ஆவாது."

"போன வருஷம் எப்டியோ அப்டியேதான். நீ முன்ன, நான் பின்ன."

சிக்கினால் பின்னாலிருந்து தள்ளுவார் என்று நினைத்துக்கொண்டேன். நடு வாசலில் வயிறு பழைய இடத்திலேயே நின்றது. சித்தி தள்ளவில்லை. இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது.

"மூச்ச உடுடா கண்ணு."

விட்டேன். முழங்கை ஒரு முறை வழுக்கியது, இரண்டாம் முறை பிடித்தது. கல் என் வயிற்றைச் சிராய்த்துவிட்டு வழி கொடுத்தது. வெயிலில் வந்து விழுந்தபோது கிடைத்த நிம்மதி, கணக்குப் பரீட்சையில் தப்பித்தபோதுகூட வந்ததில்லை.

பின்னாலேயே வந்த சித்தி அங்கேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

"எங்கனா இடிச்சுக்கினியா சித்தி?"

இல்லை என்று தலையாட்டி, என் தோல் போன முழங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிக்காமல் வந்ததற்கா இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது.

"அடுத்த வருஷம் இன்னும் வேகமா வந்துடுவேன் சித்தி, நீ வேணா பாரு."

"அடுத்த வருஷம் நாம நுழைய வேணாம்டா" என்றார் சித்தி, சிரித்துக்கொண்டே.

இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பிறகு ஏன் வேண்டாம் என்கிறார் என்று கோபித்துக்கொண்டு, மலையைச் சுற்றி முடிக்கும்வரை நான் அவரிடம் பேசவில்லை.