கம்பியோடு வந்த கண்ணாடி முட்டை

என் மேசைக்குப் பின்னால் உள்ள மர அடுக்கில் இருபத்தாறு கண்ணாடி முட்டைகள் இருக்கின்றன. இருபத்தேழாவது முட்டை, மேசையின் அடி இழுப்பறையில் துணி சுற்றிக் கிடக்கிறது.

மின்கம்பம் சாயாமல் இருக்க அதன் உச்சியிலிருந்து தரைக்குச் சரிவாக ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்த ஸ்டே கம்பியின் நடுவே, கைக்கு எட்டாத உயரத்தில், முட்டை வடிவில் ஒன்று கோத்திருக்கும். இப்போது பீங்கானில் வருகிறது. மிகப் பழையவற்றில் சில கண்ணாடி. மேலே லைன் கம்பி ஸ்டேயில் உரசினாலும் மின்சாரம் முட்டையோடு நின்றுவிடும். கீழே தொடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு வேறு வேலை கிடையாது.

முதல் முட்டை வெலிங்டன் தீவில் கிடைத்தது. நான் ஒரு தமிழ் நாளிதழின் கொச்சி நிருபராக இருந்த காலம். பழைய கிடங்கு ஒன்றை இடிக்கும் செய்திக்குப் போயிருந்தேன். செங்கல் தூசியில் வெளிர்பச்சையாக அது கிடந்தது. உள்ளே கடுகளவு காற்றுக் குமிழிகள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். செய்தியில் அதைக் குறிப்பிடவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மட்டாஞ்சேரியின் ஆக்ரிக் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், தேட ஆரம்பித்தேன். அதில் ஒரு கடை தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவருடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது சிறியவர்.

"ஊர்ல எல்லாவனும் கோழி முட்டை திங்கான். பாய்க்கு மட்டும் கரண்டு முட்டை" என்பார்.

ஒரே குறை, இரும்புக்காகக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பிரிப்பார்கள். அதில் கண்ணாடியின் ஓரம் சில்லு சில்லாகத் தெறித்துவிடும். அதனால் அவரிடம் ஒருநாள் சொன்னேன்: "கம்பியோட இருந்தா அப்படியே வைங்க அண்ணாச்சி. கம்பியோட இருக்கறதுதான் எனக்கு வேணும்."

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு இருபத்தேழாவது வந்தது. சில்லுகூடத் தெறிக்காத முட்டை. இரண்டு துளைகளிலும் கம்பி, இருபுறமும் ஒரு சாண் நீளத்துக்கு. வீட்டில் கழுவித் துடைத்தபோது கம்பியின் நுனிகளைப் பார்த்தேன். கம்பி முழுக்கப் பொரிந்த துரு. வெட்டிய முனைகள் மட்டும் பளபளவென்று இருந்தன.

துருப்பிடிக்காத வெட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்படியும் அதை அடுக்கில் வைத்தேன். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கடைக்குப் போனேன்.

"இது எங்க எடுத்தது அண்ணாச்சி?"

"புடிச்சிருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க."

"வெட்டு புதுசா இருக்கு."

சிரித்தார். "பேப்பர்க்காரன் கண்ணு! உங்களுக்காவத்தான் பாய். மிளகு குடோன் பின்னால சந்துல ஒரு இரும்புப் போஸ்ட் நிக்கில்லா, அதுல உள்ளது. குடோன் மதில்ல ஏறி எடுத்தேன். கம்பியோட வேணும்னு நீங்கதான சொன்னிய."

"போஸ்ட்?"

"அது நிக்கி. சாஞ்சிரக் கூடாதுன்னு முதல்ல ஒரு புதுக் கம்பிய மேலயும் கீழயும் இறுக்கிக் கட்டிட்டுத்தான் முட்டைய அறுத்தேன். பின்ன, நாலு பேரு நடக்க எடம்லா?"

கம்பம் விழாமல் இருக்க அவர் கட்டிய அந்தக் கம்பிதான் ஆபத்து. இப்போது நடுவே முட்டை இல்லாமல், உச்சியிலிருந்து தரைவரை ஒரே கம்பி. அதை விளக்கிச் சொன்னேன். அவர் கையில் இருந்த சாயா கிளாஸை எடைமேடையின் மேல் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"திரும்பப் போயி மாட்டிரட்டுமா?"

"தொடாதீங்க. லைன் ஆஃப் பண்ணாம ஆகாது. ஆபீஸ்ல சொல்லணும்."

"முட்டையக் காணும்னு சொன்னியன்னா அடுத்த கேள்வி எந்த ஆக்ரிக் கடைன்னுதான். 'தமிழ்நாட்டு ஆசாமி கைது'ன்னு போடுவான். புள்ளைய இங்கதான படிக்கி. நீங்களே எத்தனை போட்டிருப்பிய பாய்."

போட்டிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக அந்தச் சந்துக்குப் போனேன். என் வீட்டிலிருந்து இரண்டு திருப்பம். ஸ்டே கம்பியில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அந்தச் சந்தில் ஆடு கட்டுவதற்கு அதுதான் முளை. கயிறு உரசி உரசி, கம்பியின் கீழ்ப்பகுதி வழவழப்பாகியிருந்தது. ஆட்டுக்காரி எங்களைப் போலவே தமிழ் பேசும் வீட்டுப் பெண். அண்ணன் முறையில் என்னை இக்கா என்பாள். வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"இத்தா, ஆட்டை அதுல கட்டாதீங்க. மழை வருது."

"பின்ன எதுல கட்ட? இக்காவோட மேசைக் கால்லயா?"

பக்கத்து வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் என்று சொல்லியிருந்தால் போதும். அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மதியம் மின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முப்பது வருடம் 'எது, எங்கே, எப்படி' என்று மற்றவர்களைக் குடைந்து கேட்டவன், "ஸ்டே கம்பியில ஏதோ கம்ப்ளெயின்ட் போல இருக்கு" என்று சொன்னேன்.

"ஷாக் அடிச்சோ?"

"இல்லை."

"தீப்பொரி உண்டோ?"

"பார்க்கலை."

ஆள் வரும் என்றார்கள். புகார் எண் கொடுத்தார்கள். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். பழக்கம்.

மறுநாள் மழை பிடித்தது. எங்கள் பகுதியில் மரங்கள் விழுந்து பல இடங்களில் லைன் அறுந்திருந்தது. 'ஏதோ கம்ப்ளெயின்ட்' என்ற ஒன்றுக்கு யாரும் ஓடி வர மாட்டார்கள். அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. 'முட்டை இல்லை' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பார்கள்.

அதற்கடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சத்தம் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆடு கால்களை நீட்டிக் கிடந்தது. ஆடு துடிப்பதைக் கண்டு கயிற்றை அவிழ்க்கப் போன பெண், கம்பியைப் பிடித்திருக்கிறாள். குடோனில் மூட்டை தூக்கும் ஒருவர் பலகையால் அடித்து அவளைப் பிரித்திருந்தார். உயிர் இருந்தது. அவளுடைய வலது உள்ளங்கையைப் பார்த்தேன். அதை இங்கே விவரிக்கப்போவதில்லை.

லைனை நிறுத்திவிட்டு லைன்மேன் அண்ணாந்து பார்த்தார். "முட்ட ஆரோ அறுத்து கொண்டுபோயி. கம்பி கெட்டி வச்சிட்டுமுண்டு. எந்தொரு புத்தி!" கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், "ஆரெங்கிலும் கண்டோ?"

யாரும் பார்த்திருக்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு என் பழைய நாளிதழிலிருந்து போன். இப்போது என் இடத்தில் இருக்கும் நிருபர். வேறு எங்கோ மழைச் செய்தியில் மாட்டிக்கொண்டிருந்தார். "சார், உங்க ஏரியாதானே, நாலு வரி சொல்லிடுங்க." சொன்னேன். இடம், நேரம், ஆடு, பெண்ணின் வயது, எந்தக் கை. ஸ்டே கம்பியில் முட்டை இல்லை என்று லைன்மேன் சொன்னதை, லைன்மேன் சொன்னதாகவே சொன்னேன். முன்பே புகார் செய்திருந்ததையும் சொன்னேன். மறுநாள் வெளியான செய்தியின் கடைசி வரி: 'இது குறித்து அப்பகுதிவாசி ஒருவர் முன்கூட்டியே புகார் அளித்திருந்தார்.' திருத்த வேண்டிய பிழை ஒன்றும் அதில் இல்லை.

ஆக்ரிக் கடை இப்போதும் திறந்திருக்கிறது. அந்த வழியாகப் போனால் அண்ணாச்சி தராசைப் பார்த்துக்கொள்கிறார். நான் சாலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். வலது கையில் கட்டு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நிவாரண மனுவில் என் புகார் எண்ணைச் சேர்க்க வேண்டுமாம்.

"இக்கா நேரத்துக்குச் சொன்னதுதான். அவங்க கேட்டில்ல. எங்கிட்டயும் சொன்னீங்க, நான்தான் களியாக்கிச் சிரிச்சுட்டேன்."

அடுக்கைப் பார்த்தாள். "இதென்ன, பேப்பர் பறக்காம வைக்கறதா?"

"ஆமாம்" என்றேன்.

எண்ணை ஒரு தாளில் எழுதினேன். தேதி, நேரம், என் கையெழுத்து. நீட்டினேன். வலது கை சற்றே எழும்பி, திரும்பவும் மடியில் இறங்கியது. இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இடக்கையால வாங்கறேன். ஒண்ணும் நெனைக்காதீங்க இக்கா."