கழுத்தில் அட்டை அணிந்த விருந்தினர்

வண்டியில்லாமல் வந்திறங்கிய வெளியூர் அறிஞர்களை நடத்தியே அழைத்துச் சென்று, வயிறும் முகமும் வாடாமல் விடுதியில் கொண்டுசேர்ப்பது ஒரு வேலையா என்று கேட்பவர்கள், ஒரே ஒரு மாலை அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தின் வாசலில் என்னுடன் நின்று பார்க்க வேண்டும். சம்பந்தி வீட்டாரைக் கவனித்துப் பழகியவர்களும், பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரிக்கு மதிய உணவு தேடி அலைந்தவர்களும் என் துன்பத்தில் பாதியையாவது அறிவீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்று ஆண்டுதோறும் மானாவாரி வேளாண்மை பற்றி மூன்று நாள் கருத்தரங்கு நடத்துகிறது. வருபவர்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்குவார்கள். மாலையில் கல்லூரிப் பேருந்து அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கூடப் பாராமல் போய்விடும். அதன்பின் அவர்கள் என் பொறுப்பு. உண்பதும் பொழுதுபோக்குவதும் நடைதூரத்திற்குள் முடிய வேண்டும். 'மாலைநேர ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதிய அட்டையை என் கழுத்திலும் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒற்றுப்பிழை இல்லை என்பது மட்டுமே எனக்குள்ள ஆறுதல்.

இவ்வாண்டு நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

செயலரின் முதல் விசாரணை

கருத்தரங்கின் புதிய செயலர் கோயம்புத்தூர்க்காரர். பேராசிரியர், நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒருவர் சொன்னதைக் கேட்டே நம்பும் பழக்கம் அவருக்கு இல்லை. வந்திறங்கிய வெள்ளிக்கிழமையே, "அடுத்த வருசம் இதை மதுரைக்கே மாத்திரலாம்னு இருக்கறனுங்க. கார் இல்லாம வர்றவங்க இங்க சாயங்காலத்துல என்னதான் பண்றது? ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் முடிவு சொல்றேன்" என்றார்.

அதைக் கேட்டு என்னைவிட அதிகமாகக் கலங்கியவர் மாரீஸ்வரி. நரிக்குடிப் பக்கம் பிறந்தவர். பெற்றோர் கூலிக்குக் களையெடுத்தவர்கள். இவர் திருப்பூரில் தொழிலாளர் விடுதியொன்றில் பல ஆண்டுகள் சமைத்துவிட்டு, மகளின் படிப்புக்காக இங்கே திரும்பிவந்து பேருந்து நிலையத்தின் பின்தெருவில் உணவகம் நடத்துகிறார். கருத்தரங்கு விருந்தினரை நம்பியே இவ்வாண்டு மாடியையும் வாடகைக்கு எடுத்திருந்தார். "இது மதுரைக்குப் போயிருச்சுன்னா மாடியத் தாங்க முடியாது சார். பிள்ளைய இங்க விட்டுட்டு நான் மறுபடியும் திருப்பூருக்குத்தான் பஸ்ஸு ஏறணும்" என்று என்னிடம் சொன்னார்.

அன்று இரவு உணவுக்கு அவருடைய உணவகத்திற்கே அழைத்துச் சென்றேன். கை கழுவும் சாக்கில் செயலர் அடுப்படிவரை போய், எனக்குக் கேட்காது என்ற எண்ணத்தில், "ஏனுங்கம்மா, எல்லாரையும் இங்கியே கூட்டிட்டு வர்றாரே, வாத்தியாருக்கு இதுல ஏதாவது உண்டுங்களா?" என்று விசாரித்தார். மாரீஸ்வரி கரண்டியைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னார்: "உண்டு சார். தெனமும் ஒரு டம்ளரு மோரு. அதையும் புளிக்குதுன்னு திருப்பிக் குடுத்துருவாரு."

எண்ணெய்க்குள் இருப்பது என்ன?

மறுநாள் மாலை, பரோட்டாக் கடைக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் பக்கத்தில் பரோட்டாவைக் கல்லில் வாட்டுவதோடு விடமாட்டார்கள். எண்ணெயில் பொரித்து, முறுமுறுப்பாக எடுத்து, பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றுவார்கள். பிற மாவட்டத்தார் இதைக் கண்டதும் கண்ணைச் சுருக்குவது வழக்கம்தான். செயலரோ மூக்கையும் சேர்த்துச் சுருக்கினார். "நேத்து மீந்ததை எண்ணெயில முக்கி மறைக்கறீங்களா?" என்று பரோட்டா போடும் மூக்கையாவிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

மூக்கையா கோபித்துக்கொள்ளவில்லை. செயலரின் கண்முன்னே ஓர் உருண்டையை எடுத்து, தட்டி, விசிறி, சுருட்டி, எண்ணெயில் இட்டுப் பொரித்து, தட்டில் வைத்தார். செயலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாவு எப்பப் பிசைஞ்சது?" என்றார். "மத்தியானம்" என்றார் மூக்கையா. "மைதா எப்ப வந்தது?" என்றார் செயலர். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூக்கையா சொன்னார்: "முந்தாநாளு வந்துச்சு சார். கோதுமைய என்னைக்கு அறுத்தாகன்னு எனக்குத் தெரியாது. அத நீங்கதான் ஒங்க மாநாட்டுல விசாரிச்சுச் சொல்லணும்."

நின்றுபோன தறிகள்

உண்டு முடித்தவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமே. திருச்சுழிக் கோயிலுக்குப் பேருந்தில் போய்வரலாம் என்று முன்னரே சொல்லியிருந்தேன். திரும்பிவரப் பேருந்து உண்டா என்று செயலர் மூன்று நடத்துநர்களிடம் தனித்தனியே விசாரித்தார். மூவரும் உண்டென்றே சொன்னார்கள். மூவரும் ஒன்றுபோலச் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று பயணத்தைக் கைவிட்டார். ஆகவே, தறிகள் ஓடும் தெருவுக்கு எல்லாரையும் நடத்திச் சென்றேன். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். வெளியூரார் அதை நின்று கேட்டு வியப்பார்கள்.

இம்முறை, முப்பது பேர் கழுத்தில் அட்டை தொங்க, வரிசையாகத் தெருமுனையில் திரும்பியதும் முதல் வீட்டுத் தறி நின்றது. பிறகு எதிர்வீட்டுத் தறி. நாங்கள் நடக்க நடக்க, எங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போயிற்று. கடைசியில் தெருவே அமைதியாகிவிட்டது. "தறின்னீங்க, ஒண்ணும் ஓடக் காணோமே?" என்று செயலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஒரு வீட்டு வாசலில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். "இவர்கள் அதிகாரிகள் இல்லை, யாரும் தறிகளைக் கணக்கெடுக்க வரவில்லை அம்மா, இவர்கள் விருந்தினர், சும்மா நடக்கிறார்கள்" என்று விளக்கினேன். அவர் எங்கள் அட்டைகளை ஒருமுறை பார்த்தார். எங்கள் செருப்புகளை ஒருமுறை பார்த்தார். "கணக்கெடுக்க வரலைன்னா, இம்புட்டுப் பேரு வேல வெட்டி இல்லாம எதுக்குங்க சும்மா நடக்குறீக?"

வால்

ஞாயிறு காலை மாரீஸ்வரி கறி வாங்கப் போனபோது, விடைபெறும் விருந்துக்கான கறியைத் தாமே பார்க்க வேண்டும் என்று செயலர் உடன் வந்தார். நானும் போனேன். கடையில் உரித்துத் தொங்கவிட்டிருந்த ஆட்டின் வாலில் மட்டும் தோலும் மயிரும் அப்படியே இருந்தன. "முழுசா உரிச்சவர் அதை மட்டும் ஏன் விட்டாரு? இதுல ஏதோ இருக்குதுங்க" என்று செயலர் என் காதருகே சொன்னார். கறிக்கடைக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். வெள்ளாட்டின் வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும்; செம்மறியின் வால் கீழ்நோக்கித் தொங்கும். உரித்த பிறகு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், வாங்குபவர் நம்புவதற்காக வாலை விட்டுவைப்பது இங்குள்ள வழக்கம். செயலர் தலையாட்டினார், ஆனால், வால் ஒட்டவைக்கப்பட்டதா என்று பார்ப்பவரைப்போல் விரலால் மெல்ல இழுத்தும் பார்த்தார். கறிக்கடைக்காரர் அப்போது சொன்னார்: "நல்லா இழுத்துப் பாருங்க ஐயா. ஒங்கள மாதிரி ஆளுகளுக்காகத்தான் அதத் தொங்க விட்டுருக்கேன்."

வாழைமரம் கட்டிய வாசல்

இனி, ஞாயிறு நண்பகல். முடிவைச் சொல்லும் விருந்து என்பதால் மாரீஸ்வரி கறியோடு திரும்பியதிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. சுக்கா, எலும்புக் குழம்பு, முட்டை, ரசம், சைவர்களுக்குத் தனியே கத்தரிக்காயும் கூட்டும். மரியாதைக்காக வாசலில் இரண்டு வாழைமரங்களையும் கட்டியிருந்தார். நான் போய் அழைத்துவருவதாகச் சொன்னேன். செயலர் மறுத்துவிட்டார். "வேண்டாமுங்க, நீங்க சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போவீங்க. வழியை மட்டும் சொல்லுங்க" என்றார். பின்தெரு, இடப்பக்கம், வாழைமரம் கட்டிய வாசல் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, மாடியில் காத்திருந்தேன்.

இலைகள் விரித்தாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று. ஒருவரும் வரவில்லை. மாரீஸ்வரி மாடிப்படியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இலை போட்டாச்சு சார். ஆளு எங்க?" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மதுரைப் பேருந்தில் ஏறிவிட்டார்களோ என்ற ஐயம் வேறு. இறங்கி ஓடினேன்.

நடந்தது இதுதான். என் வழிகாட்டலைச் சரிபார்க்க விரும்பிய செயலர், தெருமுனைத் தேநீர்க் கடையில், "இங்க சாப்பாடு எங்க போடறாங்க?" என்று கேட்டிருக்கிறார். "அந்தா, ரேடியோ பாடுதுல்ல, அங்கதான்" என்று கடைக்காரர் கைகாட்டியிருக்கிறார். அங்கே திருமண மண்டபத்தில் ஒரு காதணி விழா. வாசலில் வாழைமரம், பன்னீர், சந்தனம், கற்கண்டு. மூன்று நாளில் முதன்முறையாகச் செயலர் எதையும் சந்தேகிக்காமல் உள்ளே நுழைந்திருக்கிறார்.

நான் எட்டிப் பார்த்தபோது முப்பது பேரும் பந்தியில் அமர்ந்து, பாதி இலையைத் தாண்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில், இலைமுன் அமர்ந்தவரை 'நீ யார்?' என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவருக்குத்தான் இழுக்கு. ஆனால் கேட்காத கேள்வியெல்லாம் மண்டபத்தின் ஓரங்களில் நின்று கொதித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் தாய்மாமன் பால்பாண்டி, மல்லாங்கிணற்றுக்காரர், தம் பங்காளியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "பாத்தியாலே மச்சான் வேலைய? நம்ம கொண்டாந்த சீரு கம்மியா இருக்குன்னு காட்ட, ஆபீசருகளக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்காரு." மறுபுறம் குழந்தையின் தந்தை தம் அண்ணனிடம், "மாமன் வீட்டுக்காரக நம்மள மெரட்டத்தான் அட்டை போட்ட ஆளுகள இறக்கியிருக்காக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் எங்கள் செயலர், "அந்தச் சுக்கா இன்னுங் கொஞ்சம்" என்று கையை நீட்டினார்.

பால்பாண்டியை ஒதுக்குப்புறமாக அழைத்து உண்மையைச் சொன்னேன். "மொதல்ல நீங்க எந்தப் பக்கத்து ஆளு?" என்றார் அவர், என் கழுத்து அட்டையை உற்றுப் பார்த்தபடி. எந்தப் பக்கமும் இல்லை என்பதை நம்பவைக்கவே சிறிது நேரமாயிற்று. நம்பியதும் அவர் மைத்துனரைக் கூப்பிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து முதன்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், சமையல்காரர் வந்து, கறி தீர்ந்துவிட்டது என்றார். நரிக்குடியிலிருந்து வேனில் வந்த உறவினர் கூட்டமோ அப்போதுதான் வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது.

பால்பாண்டியின் முகம் வெளிறியது. தாய்மாமன் நின்று நடத்தும் விருந்தில் உறவினர் கறியில்லாமல் எழுந்தால், அதை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். என்னைத் தேடி வந்த மாரீஸ்வரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. பால்பாண்டியை நேரே பார்த்துச் சொன்னார்: "அண்ணே, ஒங்க எலையில எங்க ஆளுக உக்காந்துட்டாக. எங்க எலையில ஒங்க ஆளுகள உக்கார வையிங்க."

சந்தேகத்தின் பயன்

வேனில் வந்தவர்கள் மாரீஸ்வரியின் மாடியேறினார்கள். பன்னீர்ச் செம்பும் கூடவே ஏறியது. உண்டு முடித்த செயலரிடம், அவர் உண்டது எவர் வீட்டுச் சோறு என்பதை நான் எடுத்துரைத்தேன். "அப்ப நமக்குச் சமைச்சது?" என்றார் உடனே. மாடிக்கு விரைந்தார். அங்கே நரிக்குடியிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து இலைக்காரியிடம், "அடியே, மண்டபத்துல தின்னவுகளுக்குக் குடுத்து வைக்கலடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செயலர் அப்படியே நின்றார். நல்ல சோற்றைத் தமக்குத் தெரியாமல் பிறருக்கு மாற்றிவிட்டார்களோ என்ற ஐயம் அவர் முகத்தில் பரவுவதைக் கண்கூடாகக் கண்டேன். ஓரத்தில் காலியான ஓர் இலையில் அமர்ந்தார். வயிற்றில் இடமில்லாதவர், எலும்புக் குழம்பும் ரசமும் தயிருமாக அந்த இலையையும் முடித்தார். மாரீஸ்வரி எதிரே நின்று பரிமாறினார். மற்ற விருந்தினரோ மண்டபத்திலேயே காதுகுத்திக்கொண்ட குழந்தையோடு படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாயனக்காரரிடம் நாயனத்தை வாங்கி ஊதியும் பார்த்தார். மூன்று நாளாக நான் காட்டிய எதற்கும் மலராத முகங்கள் அவை.

மாலையில் பேருந்து நிலையத்தில் செயலர் என்னைத் தனியே அழைத்தார். மாரீஸ்வரியும் அருகில் இருந்தார். "அடுத்த வருசமும் இங்கதானுங்க. சாப்பாடும் இந்தம்மாதான். ஆனா அந்தக் காதுகுத்து கண்டிப்பா இருக்கோணும். இந்தத் தடவை மாதிரி தற்செயலா நடந்தாப்புல ஏமாத்தாம, நிகழ்ச்சி நிரல்லயே அச்சடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, இது மதுரைப் பேருந்துதானா என்று ஓட்டுநரிடமும், பிறகு நடத்துநரிடமும் கேட்டுவிட்டு ஏறினார்.

பேருந்து நகர்ந்ததும் மாரீஸ்வரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்வையா, வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், எங்க அக்கா பேத்திக்கு இன்னும் காது குத்தல. அடுத்த வருசம் வரைக்கும் குத்த வேணாம்னு இப்பவே போன் போட்டுச் சொல்லிரவா?"

நாற்காலியும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்து கருத்தரங்கு நடத்துவோரே, அறிஞர்களைக் காரில்லாமல் மகிழ்விக்க வழி தேடுகிறீர்கள் என்றால், காது குத்தாத குழந்தை ஒன்றை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள் என்பதே என் அனுபவத்தின் சாரம்.