மாலை போட்ட மச்சான்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் செல்லும் சாலையில் முருகானந்தத்தின் போட்டோ பிரேம் கடை இருக்கிறது. வெளிப்பக்கம் யாத்திரிகர்களுக்காக ரங்கநாதர் படங்கள். உள்சுவரில், வீட்டார் வந்து வாங்கிச் செல்லும் வரை காத்திருக்கும் இறந்தவர்களின் படங்கள். இரண்டாவது வகைக்குத்தான் அவர் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்வார். காரணம் கேட்டால், "உயிரோட இருக்கறவங்க கண்ணாடி பாத்துக்குவாங்க. செத்தவங்களுக்கு இதானே கண்ணாடி" என்பார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதர் மீதுதான் பொறாமை. மனைவி வேணியின் அண்ணன் நல்லதம்பி. ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர். உயரம், கனத்த குரல், கன்னத்தின் பாதிவரை ஏறிய மீசை. முருகானந்தத்தின் கல்யாண ஆல்பத்தை நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். மாப்பிள்ளையைவிட மச்சானே அதிகப் படங்களில் இருக்கிறார். தாலி கட்டும் படத்தில்கூட நடுவில் தெரிவது நல்லதம்பியின் மீசைதான். மாப்பிள்ளை ஓரமாகக் குனிந்திருக்கிறார்.

சென்ற ஆண்டு தை மாதம் ஒரு மலையாளப் படக்குழு ஜீயபுரத்தில், ஆற்றங்கரையில் இருந்த பழைய பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தது. தந்தையைக் கொன்றவர்களை ஐந்து மகன்கள் தேடிச் சென்று பழி வாங்கும் கதை. கலை இயக்குநரின் உதவியாளர் ஜாவித், பாலக்காட்டுக்காரர், ஒரு காலை வேளையில் கடைக்கு வந்தார்.

"சேட்டா, ஒரு அப்பா வேணும்."

"அப்பாவா?"

"செத்துப்போன அப்பா. சுவர்ல மாலையோட தொங்கணும். மூத்த மகன் அடிக்கப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்தப் போட்டோ முன்னாடி வந்து நிப்பான். பார்த்தா ஒரு கெத்து இருக்கணும்."

முருகானந்தம் மாதிரிப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினார். அவற்றுக்கு நடுவே தம்முடைய படம் ஒன்றையும் வைத்தார். பிறகு சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாவித் அந்தப் படத்தைக் கையில் எடுத்தும் பார்த்தார். அந்நேரம் பார்த்து, தங்கை வீட்டுக்கென ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்தபடி நல்லதம்பி கடைக்குள் நுழைந்தார்.

ஜாவித் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டார். "சேட்டா, இந்த மீசை போதும்."

வேணிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. உயிரோடு இருக்கும் அண்ணன் படத்துக்கு மாலை போடுவதா என்று அழுதார். நல்லதம்பி சிரித்தார். "அட போம்மா. சாகாமலே மாலை வாங்கறதுக்கு அரசியல்வாதியா பொறக்கணும். எனக்குச் சும்மா கிடைக்குது." அந்தப் படத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தவர் முருகானந்தமேதான். மூலைகள் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன. வேலையில் அவர் பொறாமையைக் கலந்ததில்லை, அதுவரை.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, அவருடைய மகள் வைஷ்ணவியைப் பெண் பார்க்க முசிறியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தை அம்மாசி, வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். கதாநாயகன் நல்லதம்பியின் படத்தைக் கும்பிட்டு நிற்கும் புகைப்படம் அதற்குள் அவருடைய கைப்பேசிக்கு வந்துவிட்டிருந்தது. வீட்டுக்குள் வந்தவர் முருகானந்தத்திடம் செருப்பை எங்கே விடுவது என்று மட்டும் கேட்டார். மற்ற பேச்சு முழுவதும் நல்லதம்பியிடம்தான்.

"உங்களைப் பாத்ததே பெரிய சந்தோஷங்க. நிச்சயத்துக்கு நீங்களே தட்டு மாத்திடுங்க. போட்டோவுல அம்சமா இருக்கும்."

பெண்ணின் தந்தை கையில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். நல்லதம்பி, "அதுக்கென்னங்க, மாத்திட்டாப் போச்சு" என்றார். தங்கை கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காபியை எல்லாருக்கும் கொடுத்து முடித்த பின், தம் பங்கைக் குடிக்காமலே முருகானந்தம் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஜாவித் மீண்டும் வந்தார். வில்லன் வீடு புகுந்து அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி உடைக்கும் காட்சி எடுக்கவிருந்தார்கள். ஒரே முறையில் சரியாக அமையாது என்பதால் அதே படம், அதே சட்டம், நான்கு வேண்டும் என்றார்.

மூன்றை முருகானந்தம் சொன்னபடி செய்தார். நான்காவதில் தம்முடைய படத்தை வைத்தார். அதே பழுப்பு நிறம், அதே அளவு, அதே தேக்கு. மீசை மட்டும் மெல்லியது. பின்னாளில் இதைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு தடவையாவது அந்த அஞ்சு பசங்களுக்கும் நான் அப்பாவா இருக்கணும்னு தோணுச்சு தம்பி." உடைவதற்கென்றே செய்யப்படும் பிரதி அது என்பது தமக்குத் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை என்றார்.

படம் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. திருச்சித் தியேட்டரில் இரு குடும்பங்களும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள். நல்லதம்பியின் படம் திரையில் வந்தபோதெல்லாம் அம்மாசி விசிலடித்தார். இடைவேளைக்கு முன்பு வில்லன் வந்தான். படத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தான். கண்ணாடி சிதறியது. மாலையோடு கிடந்த முகத்தின் மேல் அவனுடைய பூட்ஸ் இறங்கித் திரும்பியது. கண் இமைக்கும் நேரம்தான். அந்த முகம் முருகானந்தத்தின் முகம்.

வரிசையில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை, வேணியைத் தவிர. வீட்டுக்கு வந்து வாசற்கதவைத் திறக்கும்போதுதான் கேட்டார்.

"அது நீங்கதானே?"

"எது?"

"அண்ணனுக்கு மாலை போட்டப்பவே நான் அழுதேன். உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டு, அந்த வில்லன் காலுக்குக் கீழ வேற போய்ப் படுத்துக்கிட்டீங்களா?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

சில வாரங்களில் படம் கைப்பேசிகளுக்கு வந்தது. யாரோ அந்த இடத்தில் நிறுத்தி, இரு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'உடைக்கும்போது அப்பா மாறிவிட்டார்' என்று எழுதிப் பரப்பினார்கள். ஸ்ரீரங்கம் கடைவீதியில் முருகானந்தத்தைப் பார்த்தவர்கள், "என்னண்ணே, காயம் ஆறிடுச்சா?" என்று விசாரித்தார்கள்.

நல்லதம்பி ஜீயபுரத்திலிருந்து நேரே கடைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று முருகானந்தம் எழுந்து நின்றார். மச்சானோ ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் மாப்ளே இப்படிப் பண்ணீங்க? படம் பூரா நான் தொங்கறேன். ஒருத்தன் நிறுத்திப் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் ஊரே நிறுத்தி நிறுத்திப் பாக்குது."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று முருகானந்தத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. அது அவர் முப்பது ஆண்டுகளாக வளர்த்த சரக்கு. அன்று மாலை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனார்.

அந்த இனிப்பு ஒரு நாள்தான் நீடித்தது. மறுநாள் அம்மாசி போனில் அழைத்தார்.

"சம்பந்தி, வீட்டுல பொம்பளைங்க ஒரு மாதிரி பேசறாங்க. மாலை போட்ட ஆளு தட்டைத் தொட்டா ஆகாதாம். முதல்ல பேசினபடி மச்சானே மாத்தட்டுமே."

"மச்சான் படத்துக்கும்தானேங்க மாலை போட்டாங்க?"

"அவருக்கு அஞ்சு புள்ளைங்க பழி வாங்கிட்டாங்களே! உங்களை மிதிச்சாங்க, படம் பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு. உங்களுக்காக யாருங்க வந்து கேட்டாங்க?"

மகளின் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் முருகானந்தம், "சரிங்க" என்று சொல்லிவிட்டார்.

நிச்சயதார்த்தம் மன்னார்புரம் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது. வெற்றிலை, பாக்கு, தேங்காய், புடவையோடு தட்டு தயாராக இருந்தது. நல்லதம்பி மீசைக்கு எண்ணெய் தடவி வந்திருந்தார். ஐயர் பெண் வீட்டாரை அழைத்ததும் அவர் எழுந்தார். முருகானந்தம் ஒரு தூணுக்கு அருகில் நின்றார். தம் கண் தட்டின் மேல் இல்லை, மச்சானின் கைகள் மேல்தான் இருந்தது என்று பிறகு அவர் ஒப்புக்கொண்டார்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றாள் வைஷ்ணவி.

மணப்பெண் பேசுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எங்கப்பா உயிரோடதான் இருக்கார். அதோ நிக்கறார். அவரே மாத்தட்டும்."

அம்மாசி தொண்டையைக் கனைத்தார். "அது வந்து பாப்பா, படத்துல..."

"படத்துல அப்பாவுக்காக யாரும் வந்து கேக்கலைன்னு சொன்னீங்களாம். இங்க நான் கேக்கறேன்."

மாப்பிள்ளைப் பையன்தான் முதலில் சிரித்தான். பிறகு அவன் அம்மா சிரித்தார். அம்மாசிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. நல்லதம்பி கையிலிருந்த தட்டை ஒரு முறை பார்த்தார். பின்பு, "வாங்க மாப்ளே, பிடிங்க. கனமா இருக்கு" என்று தட்டை நீட்டினார்.

முருகானந்தம் தட்டை மாற்றினார். அந்நேரம் நாலைந்து பிள்ளைகள் நல்லதம்பியைச் சூழ்ந்து செல்ஃபி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். போட்டோகிராபரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

"சார், விட்டுட்டேன். இன்னொரு தடவை மாத்துங்க."

மனிதர் முகம் மலர, கேமராவைப் பார்த்தபடி மறுபடியும் மாற்றினார். பக்கத்தில் நின்ற வேணி, "போதும், தட்டைப் பாருங்க, சாயுது" என்று அதன் அடியில் கை கொடுத்தார்.

அந்தப் படம் இப்போது கடையில், கல்லாவுக்கு நேர் மேலே தொங்குகிறது. தேக்குச் சட்டம், உள்ளே படத்தைச் சுற்றி வெள்ளை மவுண்ட் அட்டை. அட்டையின் இடப்பக்கம் மட்டும் மற்ற மூன்று பக்கங்களைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது. கச்சிதத்துக்குப் பெயர்போன கையில் இப்படி ஒரு பிழை எப்படி என்று அருகில் போய்ப் பார்த்தேன். அட்டையின் உள்விளிம்பைத் தாண்டி, முறுக்கிய மீசையின் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இது யாருங்க?" என்று கேட்டேன்.

முருகானந்தம் ஒரு துணியை எடுத்து அந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்தார். மீசை போகவில்லை.

"நிழல் தம்பி" என்றார்.