பழையபேட்டைக்கு வந்த பதினொரு சக்கர நாற்காலிகள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அதிர்ச்சி அடைவதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர் ஒருவர் உண்டென்றால், அது சமியுல்லாதான். நாற்பத்தாறு வயது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் தரச் சோதனை பார்த்தவர். ஒரு போல்ட்டின் தலை மயிரிழை கோணியிருந்தாலும் சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரம் வைத்துவிடுவார். நாலு வருஷத்துக்கு முன், ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் சூளகிரி பக்கம் ஒரு லாரி அவரையும் அவர் பைக்கையும் சேர்த்து ரிஜெக்ட் செய்துவிட்டது. பைக் காயலான் கடைக்குப் போனது. சமியுல்லா சக்கர நாற்காலிக்கு வந்தார்.

கால்கள் ஓய்வு பெற்றனவே தவிர, கண்கள் பெறவில்லை. முதல் அதிர்ச்சி, தான் பிறந்து வளர்ந்த ஊரில் படி இல்லாத வாசலே இல்லை என்பது. டீக்கடைக்கு இரண்டு படி, ஜெராக்ஸ் கடைக்கு மூன்று, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் வீட்டுக்கு ஐந்து. இரண்டாவது அதிர்ச்சி இன்னும் பெரியது. வீட்டுக்கு வீடு சாக்கடைக்கு மேலே சிமெண்டில் அழகாகச் சரிவு போட்டிருந்தார்கள், எல்லாம் டூவீலருக்காக. ஸ்கூட்டி நுழைய முடியாத வீடு அந்தப் பேட்டையில் கிடையாது. மனுஷன் உட்கார்ந்த நாற்காலி நுழைந்தால் அது தற்செயல்.

இந்த அதிர்ச்சிகளிலிருந்து ஒரு திட்டம் பிறந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல், யாரும் தள்ளாமல், பழைய ஊரைத் தானே சுற்றிப் பார்க்க வேண்டும். மலைக்கோட்டை தெரியும் முனை, செதுக்கு வேலைக் கதவுகள், பழைய கிணறு, கல்சாவடி என்று எல்லாம் அந்தத் தாளில் வரும்.

"தனியாவா?" என்று ஊர் கேட்டது. ஊருக்கு அதுதான் அதிர்ச்சி.

"ஏங்க, கால் நல்லா இருக்கறவனே அந்தச் சாவடிய எட்டிப் பாக்கறதில்ல. நீங்க யாருக்கு மேப்பு போடறீங்க?" என்று கேட்டார் மனைவி ஜைபா.

"கால் இருக்கறவனுக்கு நாளைக்குப் பாத்துக்கலாம்னு தெம்பு இருக்குது, ஜைபா. அதான் பாக்கறதில்ல."

எட்டு மாதம் அளந்தார். ரசமட்டம், டேப்பு, நாற்காலி அகலத்துக்கு அறுத்த ஒரு பலகை, இவைதான் கருவிகள். பலகை நுழையும் சந்து பாஸ், நுழையாத சந்து ஃபெயில். மாட்டுக்காரர் ஒருவர் தன் எருமைக்கும் இந்தச் சோதனை உண்டா என்று கேட்டார். வழியிலேயே படுக்கும் வழக்கமிருந்தால் உண்டு என்றார் சமியுல்லா, சிரிக்காமல்.

தாள் அச்சான வாரமே ஓசூரிலிருந்து தில்ஷாத் என்ற பெண் போன் செய்தாள். கம்பெனி ஒன்றில் டிசைன் வரைபவள். சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலிதான். அவளைப் போல இன்னும் பத்துப் பேர், ஓசூரிலும் பெங்களூரிலுமாக.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி. எங்கயாச்சும் எங்களத் தூக்கணுமா? தூக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க வரல. போன தடவ ஒரு ஊர்ல என்னைய நாலு பேரு மூட்டையாட்டம் தூக்கி, அத போட்டோ புடிச்சு, வாட்ஸப்புல வேற போட்டாங்க."

"ஓரங்குலம்கூட தூக்க வேணாம்மா. இது என் வாக்கு."

அந்த வாக்கு முழுவதும் ஓரிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்சாவடியின் தளம் தெருவைவிட ஒன்றரை அடி உயரம். அதைக் கடந்தால்தான் அடுத்த தெரு. சுற்றிப் போனால் ஆறு படி. நல்லவேளையாக, சாவடியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் பதினெட்டு அடி நீளத்துக்குச் சரிவு போட்டுவிட்டுப் போயிருந்தார். பலாப்பழத் தோல் மாதிரி சொரசொரப்பு. பார்க்க அவலட்சணம், ஆனால் சக்கரம் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறும். பாஸ்.

ஞாயிறு பத்து மணிக்கு அவர்கள் வருவதாக முடிவானது. சமியுல்லா இங்கேதான் ஒரு தவறு செய்தார். வியாழக்கிழமை அந்தச் செய்தியைக் கோட்டைத்தெரு நண்பர்கள் நல மன்றத்தில் மரியாதைக்குச் சொல்லிவைத்தார். மன்றத் தலைவர் தீர்த்தகிரி, பர்கூரில் கிரானைட் பாலீஷ் பட்டறை வைத்திருப்பவர். தங்கமான மனுஷர். நல்லதைத் தவிர வேறெதையும் செய்து அவர் யாருக்கும் ஆபத்து விளைவித்ததில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கடைசிச் சோதனைக்காகச் சாவடிக்கு வந்த சமியுல்லா டேப்பை மடியிலேயே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். பலாப்பழத் தோலைக் காணோம். அந்த இடத்தில் பதினெட்டு அடிக்குக் கன்னங்கரேல் என்று கிரானைட். அதில் வானம் தெரிந்தது. பறந்துபோன காக்கை தெரிந்தது. போதாக்குறைக்கு ஒருவர் பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி பாய்?" தீர்த்தகிரி வெள்ளை வேட்டி சகிதம் மலர்ந்து நின்றார். "ரெண்டு நாள் ராப்பகலா ஆளு போட்டோம். பாவம், அவ்ளோ தூரத்துலருந்து வர்றவங்க, அந்தச் சொரசொரப்புல குலுங்கிக் குலுங்கி ஏறணுமா? பாருங்க, மூஞ்சி தெரியுது!"

"தெரியுதுண்ணா. அந்த மூஞ்சிலதான் எல்லாரும் வுழப் போறாங்க."

"என்ன பாய், நல்ல நாளும் அதுவுமா..."

சமியுல்லா வாதாடவில்லை. தரச் சோதனைக்காரர்கள் வாதாடுவதில்லை, செய்து காட்டுவார்கள். சோதனைக்கென்று வைத்திருந்த பழைய நாற்காலியை ஜைபா கொண்டுவந்தார். தீர்த்தகிரி அதில் ராஜா மாதிரி உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடித்து உந்தினார். நாலடி ஏறினார். பிறகு சக்கரம் முன்னே சுற்றிக்கொண்டிருக்கும்போதே நாற்காலி பின்னே போக ஆரம்பித்தது. மன்றத் தலைவர் தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, கை இரண்டையும் விரித்து, சாலையைக் குறுக்கே கடந்து எதிர் டீக்கடை பெஞ்சில் மோதி நின்றார்.

"டீயாண்ணா, காபியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

தீர்த்தகிரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "என்ன பாய், இது நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது?"

"பட்டறைல நெருப்பு வச்சு கல்ல சொரசொரன்னு ஆக்குவீங்களே, அந்த கேஸ் டார்ச்ச வரவழைங்க. கல்லு ரெண்டங்குலக் கனம் இருக்குது, தாங்கும்."

"பாலீஷ எரிக்கறதா!" பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்னதுபோலத் துடித்தார். ஆனாலும் போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் டெம்போவில் சிலிண்டர் வந்து இறங்கியது. நெருப்பு பட்டதும் கல்லின் மேல்தோல் பட்பட்டென்று பொரிந்து தெறித்தது.

பாதிச் சரிவு போனதும் தீர்த்தகிரி குறுக்கே பாய்ந்தார். "நிறுத்து, நிறுத்து! அங்க அப்பா இருக்காரு!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சரிவின் நட்டநடுவில், தங்க எழுத்தில்: *அமரர் மு. மாரப்பன் நினைவாக.*

"அண்ணா," என்றார் சமியுல்லா, மிகுந்த பணிவோடு, "எரிக்கலன்னாலும் பதினோரு பேரு அவரு மேலதான் ஏறிப் போவணும். யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கல்வெட்டு என்றால் பேர், பேர் என்றால் நடு இடம். இருபத்தைந்து வருஷமாகப் பர்கூரில் அப்படித்தான் நடக்கிறது. அப்பாவின் பெயர்மேல் இதுவரை தன்னுடைய ஆட்களே செருப்போடு நடமாடியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெயர் இருந்த கற்பலகையை மட்டும் நெம்பியெடுத்து, சாவடிச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார்கள். படுத்திருந்த மாரப்பன் எழுந்து நின்றார். காலியான இடத்தில் வேகமாகக் காயும் சிமெண்டைப் பூசி, துடைப்பத்தால் கீறிவிட்டார்கள்.

பத்தரைக்குப் பதினொரு நாற்காலிகள் சாவடி முன் நின்றன. வருகிறவர்களைத் தொடக் கூடாது என்று மன்றத்து ஆட்களுக்குக் கடுமையான உத்தரவு. அது அவர்களுக்கு உண்ணாவிரதத்தைவிடக் கஷ்டமாயிருந்தது. பெங்களூர்ப் பெரியவர் ஒருவர் ஏறும்போது நாற்காலி கொஞ்சம் திணற, இருபது கைகள் காற்றில் நீண்டன.

"ஏனில்லா, நானே ஹோக்தீனி," என்று கன்னடத்தில் சொல்லி, தானே போய்க்கொள்வதாகக் கையமர்த்திவிட்டு ஏறிப் போனார். நீண்ட கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டத் தொடங்கின.

தில்ஷாத் கடைசியாக ஏறினாள். மேலே வந்ததும் மூச்சு வாங்கச் சிரித்தாள். "அண்ணா, சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க. இனி ஒண்ணே ஒண்ணுதான். இங்க பாத்ரூம் எங்க?"

சமியுல்லா தன் தாளைப் புரட்டிப் பார்த்தார். எட்டு மாதம். நூற்று நாற்பது இடத்தில் அளவு. எருமை உட்பட எல்லாம் கணக்கில் வந்தது, இது வரவில்லை. ஏனென்றால் அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், அவசரம் என்றால் வீட்டுக்குப் போய்விடுவார். பக்கத்தில் பொதுக் கழிப்பறை ஒன்று உண்டு. நாலு படி.

தில்ஷாத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "தூக்கணுமா?"

மன்றத்து ஆட்கள் ஆசையோடு ஓரடி முன்னால் வந்தார்கள்.

"யாரும் யாரையும் தூக்க வேணாம்," என்றார் ஜைபா. "ஏம்மா, நம்ம வூடு இருக்குது. கதவு மூணடி. இவருக்காக இடிச்சுக் கட்டினது. வாங்க."

அன்று கண்டதைப் போன்ற ஊர்வலத்தைப் பழையபேட்டை அதற்கு முன் கண்டதில்லை. பதினொரு நாற்காலிகளும் ஒற்றை வரிசையில் சமியுல்லா வீட்டுக்குள் போயின, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தீர்த்தகிரி தன் கையால் டீ கொடுத்தார். பிறகு அவர்கள் தாளை விரித்து, கிணற்றுத் தெருப் பக்கம் தாங்களே உருட்டிக்கொண்டு போனார்கள். யாரும் பின்னால் போகவில்லை.

சமியுல்லா மட்டும் முற்றத்தில் தன் தாளோடு உட்கார்ந்தார். தன் வேலைக்குத் தானே சிவப்புச் சீட்டு கட்டும் நிலைமை எந்தச் சோதனைக்காரருக்கும் வரக் கூடாது. மறுநாள் தாளைத் திருத்தி எழுதினார். ஏழாவது நிறுத்தம்: சமியுல்லா வீடு, கழிப்பறை, கதவு அகலம் மூன்றடி, படி இல்லை.

ஜைபா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். ஊர் உலகம் முழுக்கத் தன் வீட்டுக் கழிப்பறையைப் பார்க்க வரப்போகிறது என்ற அதிர்ச்சியை விழுங்கிக்கொண்டு, தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"காலைல எட்டு மணிக்கு மேலன்னு போடுங்க. அதுக்கு முன்ன நான் குளிக்கணும்."